நாற்பத்து மூன்று வேலிக்கால்கள்

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். எங்கள் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, பள்ளிக்கூடத்தில் யாருக்கும், முக்கியமாகப் பூங்கொடிக்குக் காட்டாதீர்கள். படிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இது என்னுடைய போன வருடத்து அறிவியல் நோட்டு. முன்பக்கமாகத் திறந்தால் பூவின் பாகங்கள் இருக்கும். நான் பின்னால் இருந்து எழுதுகிறேன். நான் படுக்கும் அறையில் பாதி இடம் தவிட்டு மூட்டையும் புண்ணாக்கு மூட்டையும்தான். மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, சார்ஜ் லைட்டைத் துணியால் மூடிக்கொண்டால் வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாது. வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இன்று அப்பா பன்னிரண்டு வேலிக்கால் பிடுங்கினார். சனிக்கிழமை ஐந்து, நேற்று எட்டு. மொத்தம் நாற்பத்து மூன்று. இன்னும் பதினெட்டு இருக்கிறது.

எங்கள் தோட்டம் ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி மலை அடிவாரத்தில் இருக்கிறது. மூன்று ஏக்கர் மக்காச்சோளம். காட்டுப்பன்றி வராமல் இருக்க மலைப் பக்கமும் பள்ளத்துப் பக்கமும் வரப்பில் வெள்ளவேலா மரத்துக் கால்கள் நட்டுக் கம்பி கட்டியிருந்தோம். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது நட்டது. சோளம் கதிர் பிடித்து நிற்கிற நேரத்தில் யாராவது வேலியைப் பிடுங்குவார்களா? பால் ஊற்றப் போன இடத்தில் ஒரு பெரியவர் அப்பாவிடம் கேட்டாராம். "ஏப்பா சென்னியப்பா, பன்னிக்கு விருந்து வெக்கறயா?"

"கரையான் அரிச்சுப் போச்சுங்ணா. கல்லுக்கால் போடலாம்னு இருக்கறேன்" என்று சொன்னதாக அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார். அதையே இரண்டு முறை சொன்னார். யார் கேட்டாலும் நாங்களும் அப்படியே சொல்ல வேண்டும் என்பதற்காக.

பூங்கொடி இன்று பள்ளிக்கு வரவில்லை. சாயந்திரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலனிக்குப் போகும் முக்கில் நின்றிருந்தாள். அவளுடைய அம்மா மாரக்கா வெள்ளிக்கிழமை சாயந்திரம் பொழுதோடு ஆட்டுக்கிடாயைத் தேடிப் போனவள் இன்னும் வரவில்லை. கிடாய் மறுநாள் காலையில் தானாக வந்துவிட்டது.

"உங்க காட்டுப் பக்கந்தான் வந்துருக்கோணும். நீ பாக்கலயாடி?"

"இல்ல" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பள்ளிக்குப் போகும் முன் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு காலுக்கு ஒரு குடம். மண் ஊறியதும் அப்பா கடப்பாறையை விட்டு நெம்புவார். பிறகு காலைக் கட்டிப்பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். நல்ல கால் என்றால் முழுதாக வந்துவிடும். கரையான் அரித்தது தரையோடு ஒடிந்து, அடிக்கட்டை உள்ளே நின்றுவிடும். அதைத் தோண்டி எடுக்கத்தான் நேரமாகிறது. இன்று ஒரே ஒரு அடிக்கட்டைக்கு அப்பா ஒரு மணி நேரம் மண்டி போட்டிருந்தார். கையில் தோல் உரிந்துவிட்டது.

"அது உள்ளயே கெடந்துட்டுப் போகுது, விடுங்க" என்றாள் அம்மா.

"ஒண்ணு நின்னாலும் வரிசை தெரியும் கலாமணி."

"யாரு வந்து எண்ணப் போறா?"

"எண்ணுவாங்க."

குழியை மூடி மிதிப்பது என் வேலை. வெறுங்காலால் மிதிக்க வேண்டும். செருப்போடு மிதித்தால் தடம் விழும்.

ஒவ்வொரு காலிலும் கம்பி போகும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணி அடித்திருக்கும். கரண்டு காலுக்குள் இறங்காமல் இருப்பதற்காக. அப்பா அந்த ரப்பரை எல்லாம் பிய்த்து ஒரு சாக்கில் போடுகிறார். ஆமாம், அது கரண்டு வேலிதான். மோட்டார் ரூமிலிருந்து லைன். எங்கள் பக்கத்தில் பல தோட்டத்தில் இருக்கிறது. வெளியில் யாரும் சொல்வதில்லை.

பொழுதோடு ஆறரை மணிக்கு லைனைப் போடுவது, விடிந்ததும் அணைப்பது, இரண்டும் நான் செய்வது. ஏழாம் வகுப்பிலிருந்து. பகலில் அந்தக் கம்பியில்தான் துணி காயப்போடுவோம். துணியை எடுத்துவிட்டு, மாடுகள் எல்லாம் தொழுவத்துக்கு வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட வேண்டும். இப்போது அந்த வேலை இல்லை. ஆறரை மணி ஆனால் நான் மூட்டைகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நவம்பர் 5, புதன்

காலையில் பள்ளத்துப் பக்கம் முப்பத்தைந்தாவது காலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது புல்லுக்குள் ஒரு செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு. நீல வார். அறுந்துபோன வாரை ஊக்கு போட்டுக் கோத்திருந்தது.

மாரக்கா எங்கள் காட்டுக்குக் களையெடுக்க வரும்போதெல்லாம் இதைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு இறங்குவாள். "என்ற செருப்ப ஒருத்தனும் திருட மாட்டான் அம்மணி, திருடுனா ஊக்குக் குத்தும்" என்பாள்.

அப்பா பத்தடி தள்ளிக் கடப்பாறை போட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். குளிக்கப் போகும்போது கொண்டுவந்து தவிட்டு மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பாவிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ரப்பர் சாக்குக்குள் போய்விடும். அது ஒன்றாவது இருக்கட்டும் என்று இருந்தது.

கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொன்று. டீச்சர் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா தாரணி?" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

எல்லாக் கால்களையும் பிடுங்கி முடித்தாயிற்று. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறோம். அம்மா விறகுக்கு வெட்டியதையும் சேர்த்து எண்ணினேன், நாற்பத்து மூன்று. அம்மா தினம் நான்கைந்தை வெட்டி அடுப்புக்கு வைக்கிறாள். வெள்ளவேலா விறகு நன்றாக எரியும், புகையே வராது. அந்த அடுப்பில் செய்த சோற்றை அம்மா சாப்பிடுவதில்லை. டீ மட்டும் குடிக்கிறாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் வரப்பில் நடந்து புது மண் தெரியும் இடங்களை எண்ணினேன். நாற்பத்து நான்கு வந்தது. திரும்ப அந்தக் கடைசியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்து நான்கு.

பள்ளத்து மூலையில் கால் இருந்ததே இல்லை. வேப்பமரத்திலேயே கம்பியைக் கட்டியிருந்தோம். அங்கே அப்பா மூன்று வாழைக்கன்று வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்தில் இதுவரை வாழை போட்டதில்லை. கன்றுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு கொட்டிக் கிடக்கிறது.

எனக்குக் கணக்கு வராது. தப்பாக எண்ணியிருப்பேன்.

நவம்பர் 8, சனி

பூங்கொடியின் அப்பா காளியப்பனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ரேஷன் கடையில் அம்மாவோடு நின்றிருந்தேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ செங்கச்சூளைக்காரங்கூடப் போயிட்டாளாமா."

"நீ போயிக் கண்டயாக்கு? அந்தக் காளியப்பன்தான் குடிச்சுப்போட்டு அடிச்சுக் கொன்னு எங்காவது தள்ளீருப்பான்."

"அவனா? ஒரு கோழிய அறுக்கோணும்னாக் கண்ண மூடிக்குவான், அவனா கொல்லுவான்?"

"குடிச்சவனுக்குக் கோழியேது, பொண்டாட்டியேது. ஏனுங்க கலாமணி, உங்க காட்டுலதான வேலைக்கு வந்துட்டிருந்தா, உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமுங்களா?"

அம்மா கையிலிருந்த பை கீழே விழுந்தது. "எங்களுக்கென்னங்க தெரியும்" என்று குனிந்து பையை எடுத்தாள். நிமிர வெகு நேரம் ஆனது.

சர்க்கரை வாங்காமலே வந்துவிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

போலீஸ்காரர் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஏட்டு ஒருவர், வயது குறைந்த ஒருவர். அப்பா கட்டிலை எடுத்துப் போட்டார். அம்மா டீ வைத்தாள். டம்ளரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டில் டீ சிந்தியது.

"பொண்ணு பயப்படுதே" என்று ஏட்டு சிரித்தார். "எத்தனாவது படிக்கற?"

"பத்தாவதுங்க."

"அந்த மாரக்கா மக கூடவா?"

"ஆமாங்க."

அவர் வரப்புப் பக்கம் பார்த்தார். "என்னங்க, வேலி இருந்தாப்ல இருக்குது?"

"கரையானுங்க சார். கல்லுக்கால் போடலாம்னு."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. அப்பாவிடம் காளியப்பனைப் பற்றிக் கேட்டார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் காலனி வழியாக வரும்போது காளியப்பனும் மாரக்காவும் சண்டை போடுவது கேட்டது, கொன்னுபோடுவேன் என்று அவன் கத்தினான் என்று சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டார். அப்பா கையெழுத்துப் போட்டார். பத்துக் கதிர் ஒடித்துக் கொடுங்கள், குழந்தைகள் சுட்டுத் தின்னும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா காலனி வழியாக வரவில்லை. நானும் அவரும்தான் கன்றுக்குட்டிக்கு ஊசி போடக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பத்தரை மணிக்குத்தான் திரும்பினோம். வேறு வழியில்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டாள். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு அப்பனும் இல்லாமப் பண்ணீட்டீங்களே?"

அப்பா என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

பன்றிகள் வந்துவிட்டன. நேற்று ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் போய்விட்டது. கதிரைத் தின்பதைவிடத் தட்டையைச் சாய்த்ததுதான் அதிகம். நடுக்காட்டில் பாய் விரித்தமாதிரி கிடக்கிறது.

அப்பா தினம் ராத்திரி கட்டிலை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போகிறார். ஆனால் சோளத்துக்குள் சத்தம் கேட்டால் எழுந்திருப்பதில்லை. டார்ச் அடிப்பதில்லை. பள்ளத்து மூலைப் பக்கம் உறுமல் கேட்டால்தான் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார். புது மண்ணைக் கண்டால் பன்றி மூக்கை விட்டுக் கிளறும். கிழங்கு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போதுகூடத் தகரச் சத்தம் கேட்கிறது.

நவம்பர் 12, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன். எழுதினால் போகுமா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. மாரக்கா மத்தியானம் வரைக்கும் எங்கள் காட்டில் களை எடுத்தாள். போகும்போது அப்பாவிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, எங்க கெடா ஒண்ணு ரெண்டு நாளாப் பள்ளத்துக்குள்ளயே சுத்தீட்டு இருக்குது. பொழுதோட வந்து புடிக்கறனுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு லைன் போட வேண்டாமுங்க."

"சேரி, நான் துண்டு கட்டி வுட்டறேன்" என்றார் அப்பா.

அது எங்கள் வீட்டு வழக்கம். காட்டுக்குள் யாராவது இருந்தால், இல்லை லைன் போடக் கூடாது என்றால், அப்பா தன் வெள்ளைத் துண்டை முதல் காலில் கட்டிவிடுவார். மோட்டார் ரூமுக்குப் போகும் வழியில் அது கண்ணில் படும். துண்டு இருந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது. துண்டு இல்லையென்றால் போட வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடும், துண்டு மறக்காது என்பார் அப்பா.

அப்பா துண்டைக் கட்டிவிட்டுப் பால் ஊற்றப் போனார். ஐந்தரை மணிக்குத் தூறல் விழுந்தது. அம்மா தொழுவத்திலிருந்து "துணி நனையுது அம்மணி, எடு எடு" என்று கத்தினாள். நான் ஓடிப்போய்க் கம்பியில் கிடந்த எல்லாத் துணியையும் வாரினேன். அம்மாவின் சேலை, என் யூனிபார்ம், அப்பாவின் வேட்டி இரண்டு. முதல் காலில் துண்டு இருந்தது. அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். முடிச்சுப் போட்டிருந்தது. துணி காயப்போட யாராவது முடிச்சுப் போடுவார்களா? விரல் முடிச்சை அவிழ்த்தது, புத்தி வேறு எங்கோ இருந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் மடித்து வைத்தேன். துண்டையும் நாலாக மடித்து வைத்தேன்.

ஆறரை மணிக்கு மோட்டார் ரூமுக்குப் போனேன். மத்தியானம் பேசியதெல்லாம் நினைவில் இல்லை. முதல் காலைப் பார்த்தேன். துண்டு இல்லை. சுவிட்சைப் போட்டேன்.

ஏழு மணி இருக்கும். படித்துக்கொண்டிருந்தேன். பல்பு மங்கி மங்கி எரிந்தது. பன்றி மாட்டினால் அப்படித்தான் ஆகும். அப்போதுதான் அப்பா பால் கேனோடு உள்ளே வந்தார். நான் சந்தோஷமாகக் கத்தினேன். "அப்பா, பன்னி மாட்டீருச்சு!"

"லைனா? போட்டிருக்குதா?" என்றார். காலிக் கேன் வாசலில் உருண்டு ஓடியது. அப்பா ஓடினார்.

என்னை அம்மா மூட்டை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பி வந்ததும் அப்பா வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சொன்னார். "துண்டு கட்டுனனா இல்லயான்னே எனக்கு நெனப்பு வரல கலாமணி. கட்டாம மறந்துட்டுப் போயிட்டேன் போல இருக்குது."

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லை, கட்டினீர்கள், என்று சொல்லவில்லை. காலையில் துணி அடுக்கிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இப்போது அதன் மேல் செருப்பு இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

இன்று ஒன்றும் எழுத முடியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பள்ளியில் குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். பூங்கொடி வந்திருந்தாள். அவளுடைய லட்டைச் சாப்பிடாமல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மரத்தடியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். மற்றவர்கள் தள்ளிப் போய்விட்டார்கள்.

"எங்கப்பன் ஒத்துக்கிட்டாராமா" என்றாள்.

"எதை?"

"அம்மாவக் கொன்னு வாய்க்கால்ல போட்டேன்னு. சித்தி போயிப் பாத்துட்டு வந்துச்சு. ரெண்டு உள்ளங்காலும் வீங்கிக் கெடக்குதாமா. நடக்க முடியலயாமா. எங்கப்பன் எங்கம்மாவ அடிக்கறதா? எங்கம்மாதான்டி சீமாத்தால அவரச் சாத்தும். அடி வாங்கீட்டு, சோறு போடு சாமின்னு உக்காந்துக்குவாரு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணுவ?"

"புதங்கெழமை சித்தி கூட்டீட்டுப் போயிரும். திருப்பூரு. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டற வேல இருக்குதாமா. டீச்சர்கிட்டச் சொல்லியாச்சு." பைக்குள் கையை விட்டு லட்டைத் தடவிக்கொண்டு, "எங்க போயிருந்தாலும் அம்மா வந்து தேடும்ல? வீடு பூட்டியிருந்தா என்ன பண்ணும்? நீ சொல்றயாடி, நாங்க திருப்பூர்ல இருக்கறோம்னு?"

"சொல்றேன்" என்றேன்.

இந்தக் கையால்தான் எழுதுகிறேன். இதே கையால்தான் சுவிட்சைப் போட்டேன். வெட்டி எறிந்துவிடலாம் போல இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று மத்தியானம் பிடித்த மழை இன்று விடியும் வரை பெய்தது.

காலையில் வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வரப்பு நெடுக, ஒரே இடைவெளி விட்டு, வட்ட வட்டமாகத் தண்ணீர் நிற்கிறது. மலைப் பக்கத்தில் தொடங்கி வளைந்து பள்ளத்துப் பக்கம் போகிறது. மூடி மிதித்த மண் எல்லாம் மழையில் உள்ளே இறங்கிவிட்டது. கால்கள் நின்றபோதுகூட வேலி இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. வானம் வெளுத்ததும் ஒவ்வொரு குழியும் பளபளவென்று இருந்தது. ரோட்டில் போகிறவன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே எண்ணிவிடலாம்.

பள்ளத்து மூலையில் வாழைக்கன்றுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அங்கே நின்ற தண்ணீர் வட்டமாக இல்லை. நீளமாக இருந்தது. கட்டில் நீளம்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "மூடுன குழியெல்லாம் காட்டிக் குடுக்குதே" என்றார். அம்மா சேற்றிலேயே போய் மண்வெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

பள்ளிக்குப் போக வேண்டாம் என்றார்கள். கரட்டு மேட்டிலிருந்து கூடை கூடையாக மண் கொண்டுவந்து குழிகளை நிரப்பினோம். அப்பா வெட்டினார், நான் சுமந்தேன். பதினாறாவது குழியில் கூடையை இறக்கினேன். திரும்பத் தூக்க முடியவில்லை.

"அப்பா, நீங்க துண்டு கட்டுனீங்க."

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

"நான்தானுங்கப்பா எடுத்தேன். துணியோட துணியா எடுத்துட்டேன். நான்தான் லைனப் போட்டேன்."

"தெரியும்."

நான் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு ராத்திரியே பாத்துட்டேன். அவளப் போத்தறதுக்குத் துணி எடுக்க உள்ள வந்தேன். நாலா மடிச்சு வேட்டி மேல இருந்துது." மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்தார். "உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். நீ துண்ட எடுக்கல, நான் கட்டல. அவ்வளவுதான். போலீஸ் இங்க வந்தா மொதல்ல லைன் போட்டது யாருன்னுதான் கேப்பான். அதுக்குத்தான் காலப் புடுங்கினேன். அதுக்குத்தான் கையெழுத்தும் போட்டேன். புரியுதா அம்மணி?"

"பூங்கொடி அப்பா?"

"அவனுக்கு ஒரு பொண்ணு இருக்குது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று பதினேழு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செய்தது எல்லாம் எனக்காக. காளியப்பனின் உள்ளங்கால் வீங்கியதும் எனக்காக. இனி எத்தனை வருடம் பூங்கொடியின் அப்பா சிறையில் இருந்தாலும் அது எனக்காக.

துண்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் போட்டார். அது எரியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செருப்பைப் பற்றி நான் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நாளைக்குப் பூங்கொடி போய்விடுவாள்.

இன்று பள்ளிக்கு அவள் டி.சி. வாங்க வந்தாள். சாயந்திரம் முக்கு வரைக்கும் ஒன்றாக நடந்து வந்தோம். பைக்குள் செருப்பு இருந்தது. நோட்டுத் தாளில் சுற்றி வைத்திருந்தேன். காலனிக்குத் திரும்பும் இடத்தில் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

தின்பண்டம் என்று நினைத்துக்கொண்டு பிரித்தாள். நீல வாரைப் பார்த்தாள். ஊக்கை விரலால் தொட்டாள். அதை மாட்டியதே அவள்தானாம். எனக்குத் தெரியாது. "இந்த ஊக்கு என்ற யூனிபார்ம் ஊக்குடி" என்றாள்.

நான் பையை மூடித் தோளில் மாட்டினேன்.

"எங்க இருந்துது?"

சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

"தாரணி. எங்க இருந்துதுன்னு கேக்கறேன்."

"எங்க காட்டுல. பள்ளத்து மூலையில. வாழ வெச்சிருக்கற எடத்துல." அவ்வளவுதான் வந்தது. "மாரக்கா அங்கதான் இருக்குது."

அவள் கத்தவில்லை, என்னை அடிக்கவில்லை. செருப்பைத் தாளில் திரும்பச் சுற்றிக்கொண்டு, ஓடாமல், நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பாத்திரம் கழுவினேன். அம்மா இன்று கொஞ்சம் சோறு சாப்பிட்டாள். "குழியெல்லாம் இப்பத் தெரியல, பாரு" என்றாள். அப்பா தகரத்தை எடுத்துக்கொண்டு காவலுக்குப் போய்விட்டார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. நாளைக் காலைவரை அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதல் பக்கத்துக்குப் போய், யாருக்கும் காட்டாதீர்கள் என்று எழுதியதை அடித்துவிட்டேன். இனி காட்டலாம். பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அதனால் யார் வந்தாலும் இந்த நோட்டைத்தான் கொடுப்பேன். காளியப்பன் ஒன்றும் செய்யவில்லை. அப்பா துண்டு கட்டினார். அவர் மறக்கவில்லை. துண்டை எடுத்ததும் சுவிட்சைப் போட்டதும் நான், சென்னியப்பன் மகள் தாரணி, பத்தாம் வகுப்பு. அப்பாவை அடிக்காதீர்கள். அவர்

நாய் குரைக்கிறது. வாசலில் நிறையக் கால் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள், வளையல் சத்தம் கேட்கிறது. ஆனால் எழுந்து போய்த் திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறார்கள். "தாரணி" என்கிறது ஒரு குரல். அது பூங்கொடிதான். நான்தான் போய்த் திறக்க